பழங்காலப் போர்களை மேசையில் ஆட எந்த விதியை எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மினியேச்சர் பொம்மைகளை மேசையில் அணிவகுத்து நிறுத்தி, ரோமரையும் கார்த்தேஜையும் மோதவிடும் ஆட்டத்தில் இறங்க நினைப்பவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பவை இவை. பதில்களில் என் சாய்வு இருக்கத்தான் செய்யும்.

உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஒரே போரை எடுத்துக்கொள்கிறேன். கி.மு. 326-இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாந்தரும் இந்திய மன்னர் போரஸும் மோதியது. கிரேக்கர்கள் அந்த ஆற்றை ஹைடாஸ்பெஸ் என்றார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் தரும் கணக்குப்படி போரஸிடம் சுமார் 30,000 காலாட்கள், 4,000 குதிரைவீரர்கள், 300 தேர்கள், 200 யானைகள். நாற்படையும் ஒரே களத்தில் நிற்பதால், ஒரு விதியை உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் எனக்குக் கிடைக்கவில்லை.

இது சதுரங்கம் மாதிரிதானே?

கரு ஒன்றுதான். சதுரங்கம் என்ற பெயரே யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைக் குறிப்பது. ஆனால் சதுரங்கத்தில் நீங்கள் நகர்த்த நினைத்த குதிரை நகர்ந்தே தீரும், வெட்ட நினைத்த காய் வெட்டுப்பட்டே தீரும். இங்கே இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லை. படை உங்கள் சொல்லைக் கேட்குமா என்பதற்கு ஒரு பகடை, போய் மோதினால் ஜெயிக்குமா என்பதற்கு இன்னொரு பகடை. கட்டங்களும் பெரும்பாலும் கிடையாது. அளவுகோலை வைத்து அளந்துதான் நகர்த்துவோம். மேசையில் ஒரு குன்று, ஒரு காடு, ஓர் ஓடை என்று நிலமும் இருக்கும், அதுவும் சண்டையில் பங்கெடுக்கும்.

ஏன் இத்தனை விதிகள்? ஒன்று போதாதா?

பழங்காலப் போர் உண்மையில் எப்படி நடந்தது என்பதிலேயே அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ரோமானியப் படை மூன்று வரிசையாக நின்றது தெரியும். சண்டை நடுவில் முன்வரிசை களைத்ததும் பின்வரிசை எப்படி அதன் இடத்துக்கு வந்தது என்று கேட்டால் நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள். வரலாற்றாசிரியர் "தெளிவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடலாம். விதி எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை, ஏதாவது ஒரு பக்கம் முடிவெடுத்தே ஆக வேண்டும். அப்படி எடுத்த முடிவுகள்தான் இத்தனை புத்தகங்களாக நிற்கின்றன.

இந்தப் பொழுதுபோக்கு இங்கிலாந்தில் வளர்ந்தது. 1950களில் டோனி பாத் பழங்காலப் போர்களுக்கென்று விதிகள் எழுதி ஆடினார். 1965-இல் இந்த ஆட்டக்காரர்களின் சங்கமான சொசைட்டி ஆஃப் ஏன்ஷியன்ட்ஸ் தொடங்கியது. 1969-இல் வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப்பின் முதல் விதிப்புத்தகம் வந்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் ஆயுதம், கவசம், மனவுறுதி என்று அட்டவணைகள் பெருகின. அந்தக் குழுவின் ஃபில் பார்க்கரும் கூட்டாளிகளும் 1990-இல் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, ஆளுக்கு 12 பேஸ் (பொம்மைகளை ஒட்டி வைக்கும் சிறு செவ்வகத் துண்டு) மட்டும் கொண்ட டி பெல்லிஸ் ஆன்டிக்விடாடிஸ் என்ற விதியைக் கொண்டுவந்தார்கள். சுருக்கமாக டி.பி.ஏ. அதற்குப் பிறகு 1998-இல் வார்ஹாமர் ஏன்ஷியன்ட் பேட்டில்ஸ், 2008-இல் ஃபீல்ட் ஆஃப் குளோரி, 2011-இல் ஹெயில் சீசர், பிரான்சிலிருந்து ஆர்ட் டி லா கேர், சீட்டுக்கட்டை வைத்து ஆடும் டூ த ஸ்ட்ராங்கஸ்ட் என்று வரிசை நீள்கிறது. எல்லாவற்றையும் வாங்கிப் படிக்க வேண்டியதில்லை. நான் கிட்டத்தட்ட அதைச் செய்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

அப்படியானால் முதலில் எதைப் பார்த்து முடிவு செய்வது?

யாரோடு ஆடப் போகிறீர்கள் என்பதைப் பார்த்து. உங்கள் ஊரில் ஒருவர் ஏற்கெனவே ஒரு விதியை ஆடிக்கொண்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு இரண்டாம் பட்சமாகத் தோன்றினாலும் சரி. அலமாரியில் தூங்கும் அருமையான விதியால் யாருக்கு என்ன பயன்? யாருமே இல்லை, நீங்கள்தான் தம்பியையோ பக்கத்து வீட்டுக்காரரையோ இழுத்து உட்காரவைக்கப் போகிறீர்கள் என்றால், ஒரு மணி நேரத்துக்குள் முடியும் விதியாகப் பாருங்கள். முதல் ஆட்டம் ராத்திரி 11 மணி வரை இழுத்தால் அந்த மனிதர் அடுத்த ஞாயிறு வரமாட்டார்.

அதற்கு அடுத்த கேள்வி, மேசையில் நீங்கள் யாராக இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்பது. மொத்தப் படைக்கும் தலைவரா, அல்லது நாற்பது ஐம்பது பேரைக் கூட்டிக்கொண்டு போகும் குழுத்தலைவரா? இரண்டாவதுதான் பிடிக்கும் என்றால் சாகா போன்ற சிறு மோதல் விதிகள் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் நான் பேசுவது முதலாவதைப் பற்றி.

விதிக்கு விதி உண்மையில் என்னதான் மாறுகிறது?

சண்டைக் கணக்கில் பெரிய வித்தியாசம் கிடையாது. எல்லாவற்றிலும் பகடை, எல்லாவற்றிலும் பலசாலிக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு விதியின் குணம் தெரிவது கட்டளையில்தான். நீங்கள் நினைத்ததில் எவ்வளவு நடக்கிறது, எது உங்கள் கையை மீறிப் போகிறது என்பதில்.

ஜீலம் போரில் ஒரு கட்டம். அலெக்சாந்தர் தன் குதிரைப்படையோடு போரஸின் இடப்பக்கத்தைத் தாக்கப் போகிறார். அதே நேரம் கொயினஸ் என்ற தளபதியைக் குதிரைகளோடு எதிர்ப்பக்கமாக அனுப்பி, இந்தியக் குதிரைப்படை என்னை நோக்கித் திரும்பியதும் அதன் முதுகில் பாய்ந்துவிடு என்கிறார். கொயினஸ் அப்படியே செய்தார். இதை மூன்று விதிகளில் ஆடிப் பாருங்கள்.

டி.பி.ஏ.வில் ஒவ்வொரு முறையும் ஒரு பகடை உருட்டுவீர்கள். வந்த எண்தான் அந்தச் சுற்றில் உங்கள் கட்டளைகளின் எண்ணிக்கை. அதைப் பிப் என்பார்கள். ஒட்டி நிற்கும் ஒரு கூட்டத்தை நகர்த்த ஒரு பிப், தனியே நிற்கும் ஒரு பேஸை நகர்த்தவும் ஒரு பிப். கொயினஸைத் தனியே பிரித்து அனுப்பிவிட்டீர்கள், அடுத்த முறை பகடையில் 1 விழுகிறது. அலெக்சாந்தரை நகர்த்துவதா, கொயினஸையா, நடுவில் நிற்கும் ஃபாலங்க்ஸையா (நெடுவேல் ஏந்திய காலாட்களின் நெருக்கமான அணி)? ஒன்றுதான் முடியும். படையைத் துண்டு துண்டாகப் பிரித்தவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார், சேர்த்து வைத்தவர் நிம்மதியாக இருப்பார். வேறெந்த விதியும் இந்த ஒரு விஷயத்தை இவ்வளவு மலிவாகக் காட்டியதில்லை.

ஹெயில் சீசரில் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். "கொயினஸ், அந்தக் குன்றைச் சுற்றிப் போய் அவர்களுடைய குதிரைப்படைக்குப் பின்னால் நில்" என்று எதிராளி காதில் விழச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் இரண்டு பகடைகளை உருட்டுவீர்கள். தளபதியின் தகுதி 8 என்றால் 8 அல்லது அதற்குக் குறைவாக விழ வேண்டும். 8 அல்லது 7 விழுந்தால் ஒரு நகர்வு, 6-க்கு இரண்டு, 5 அல்லது அதற்குக் கீழே மூன்று. ஆகவே கொயினஸ் ஒரே மூச்சில் மேசையைச் சுற்றி வரவும் கூடும், நின்ற இடத்திலேயே நிற்கவும் கூடும். இரண்டு ஆறு விழுந்தால் பெருங்குளறுபடி, கட்டளையைத் தப்பாகப் புரிந்துகொண்டு படை வேறெங்கோ போகலாம். சொல்லிவிட்டு உருட்டுவதால் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஆறு பேர் சேர்ந்து டீயும் பஜ்ஜியுமாக ஆட இதைவிட நல்ல விதி இல்லை. கணக்காக ஆடுகிறவருக்கு மட்டும் எரிச்சல் வரும்.

டூ த ஸ்ட்ராங்கஸ்டில் மேசையே கட்டம் கட்டமாக இருக்கும், அளவுகோல் தேவையில்லை. பட உருவங்களை எடுத்துவிட்டு 1 முதல் 10 வரை சீட்டுகளை வைத்துக்கொள்வீர்கள். கொயினஸை நகர்த்த ஒரு சீட்டை எடுப்பீர்கள். 1 வராதவரை நகரலாம். அவரையே இன்னொரு முறை நகர்த்த வேண்டுமென்றால் முந்தையதைவிடப் பெரிய சீட்டு வர வேண்டும். 3 வந்தபோது தைரியமாகத் தொடர்வீர்கள். 8 வந்தபின் தொடர்வதா நிறுத்துவதா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். "இன்னும் ஒரு அடி போகலாமா" என்ற அந்தத் தவிப்புதான் இந்த விதியின் உயிர். பெயரும் பொருத்தமானதே: மரணப்படுக்கையில் இருந்த அலெக்சாந்தரிடம் ராஜ்யம் யாருக்கு என்று கேட்டபோது "வலியவனுக்கு" என்றதாகக் கதை உண்டு.

மூன்றில் எது உண்மையான போருக்கு நெருக்கம் என்று கேட்காதீர்கள். எந்தத் தவிப்பு உங்களுக்குப் பிடிக்கிறதோ அதை எடுங்கள்.

ஒரு மோதலை எண்ணோடு காட்ட முடியுமா?

டி.பி.ஏ.வையே எடுப்போம், எளிது. காலாட்களுக்கு எதிராக ரோமானிய வாள்வீரருக்கு 5, கிரேக்க ஈட்டிவீரருக்கு 4. பக்கத்துணை போன்ற திருத்தங்களை இப்போதைக்கு விட்டுவிடுவோம். இருவரும் ஆளுக்கொரு பகடை உருட்டிக் கூட்டுகிறார்கள். ரோமருக்கு 3 விழுந்தால் 8. கிரேக்கருக்கு 2 விழுந்தால் 6. கிரேக்கர் தோற்றார், ஆனால் ரோமரின் தொகையில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டதால் பின்வாங்குகிறார், அவ்வளவுதான். ரோமருக்கு 5 விழுந்து கூட்டுத்தொகை 10, கிரேக்கருக்கு 1 விழுந்து கூட்டுத்தொகை 5 என்றால் சரிபாதி. பேஸை மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். எதிரியைவிட அதிகமாக இழந்து, இழப்பு நான்கு பேஸைத் தொட்டவர் தோற்றார். உயிர்ச்சேத எண்ணிக்கை, வருகைப் பதிவேடு எதுவும் இல்லை.

இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. சில ஜோடிகளுக்குள் பாதிக் கணக்கு கிடையாது, தோற்றாலே சாவு. கூச்சலிட்டு ஓடிவரும் கூட்டம், அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த கால் (Gaul) இனத்தாரின் பழங்குடிப் படை, வாள்வீரரை ஒரு புள்ளியில் ஜெயித்தாலும் வாள்வீரர் ஒழிந்தார். சாதாரணமாக ரோமர்தான் ஜெயிப்பார், ஆனாலும் ஒவ்வொரு மோதலிலும் வயிற்றைக் கலக்கும்.

யானையை எந்த விதி நன்றாகக் கையாளுகிறது?

எனக்குப் பிடித்த கேள்வி. யானை வெறும் கனமான குதிரையாக இருந்தால் அந்த விதியை மூடி வைத்துவிடுங்கள்.

ஜீலத்தில் நடந்தது என்ன? போரஸ் தன் காலாட்படைக்கு முன்னால் யானைகளைச் சுமார் நூறடிக்கு ஒன்றாக நிறுத்தினார். அலெக்சாந்தரின் மாசிடோனியக் குதிரைகள் யானைக்கு அருகே போக மறுத்தன. பிறகு இலகுப் படையினர் பாகன்களையும் யானைகளையும் குறிவைத்து எறியீட்டிகளை வீசினார்கள். காயம்பட்டு, பாகனை இழந்து, நெரிசலில் மாட்டிய யானைகள் தம்மவர், எதிரி என்று பார்க்காமல் மிதித்தன. இடமிருந்த மாசிடோனியர் ஒதுங்கிக்கொண்டார்கள், இடமில்லாத இந்தியப் படை அதிகம் நசுங்கியது.

ஆக, விதியில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். குதிரைப்படைக்கு யானையிடம் தனிப் பயம் இருக்கிறதா? எறியீட்டி வைத்திருக்கும் மலிவான ஆள் யானையைக் கொல்ல வழி இருக்கிறதா? மிரண்ட யானை சொந்தப் படையைக் கெடுக்குமா? டி.பி.ஏ. போன்ற ஒல்லியான விதியிலேயே இவை வந்துவிடுகின்றன. இலகுப் படை யானையைத் தோற்கடித்தாலே அது ஒழிந்தது. பின்வாங்கும் யானை தன் பின்னால் நிற்கும் சொந்த பேஸையே அழித்துவிடும். முதன்முதலில் போரஸை ஆடியபோது யானைக்குப் பின்னால் வில்லாளிகளை ஒட்டி நிறுத்தினேன், படம் பிடிக்க அழகாக இருந்தது. மூன்றாவது சுற்றில் இரண்டு பேஸ் வில்லாளிகளை என் யானைகளே தின்றுவிட்டன.

தேர்களுக்கு நிலத்தைப் பாருங்கள். முதலில் போரஸின் மகன் 120 தேர்களோடு வந்ததாக அர்ரியன் சொல்கிறார், மழைச் சேற்றில் அவை உதவாமல் போயின. நீண்ட வில்லை நனைந்த தரையில் ஊன்றி எய்ய முடியாமல் வில்லாளிகள் தவித்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் கர்டியஸ் எழுதுகிறார். வானிலைக்கென்று தனி விதி இல்லாவிட்டால் போகட்டும், களத்தின் நடுவில் ஒரு பகுதியைச் சேறு என்று அறிவித்துவிடுங்கள்.

ஃபாலங்க்ஸுக்கு?

அதற்கு ஒரே சோதனை: சமதளத்தில் நேருக்கு நேர் வந்தால் அதை யாரும் தள்ள முடியாது, கரடுமுரடில் அது தடுமாற வேண்டும். சரிஸ்ஸா என்ற நெடுவேல் அவ்வளவு நீளம், முதல் ஐந்து வரிசையின் முனைகளும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ். கி.மு. 168-இல் ரோமரோடு நடந்த பிட்னா போரில் மாசிடோனிய ஃபாலங்க்ஸின் வரிசை மேடுபள்ளத்தில் பிளந்தது, ரோமர்கள் அந்த இடைவெளிகளில் நுழைந்தார்கள். உங்கள் விதியில் ஃபாலங்க்ஸ் காட்டுக்குள்ளும் அதே பலத்தோடு சண்டை போட்டால் நம்பாதீர்கள்.

வாங்கிய பிறகு பிடிக்காமல் போனால்?

அதனால்தான் பொம்மைக்கு முன்னால் அட்டை. தினசரிக் காலண்டரின் பின்னட்டை போதும். 15 மி.மீ. உயரப் பொம்மைகளுக்கான டி.பி.ஏ. அளவில் எல்லா பேஸும் 40 மி.மீ. அகலம். ஆழம், வாள்வீரருக்கும் ஈட்டிவீரருக்கும் 15, வில்லாளிக்கு வகையைப் பொறுத்து 15 அல்லது 20, குதிரைக்கு 30, யானைக்கும் தேருக்கும் 40. வெட்டி, மேலே பேனாவால் "யானை", "வில்" என்று எழுதுங்கள். இரண்டடிக்கு இரண்டடி மேசை போதும். ஒரே போரை மூன்று முறை, பக்கம் மாற்றி ஆடுங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டு ஆடுங்கள். என் மாசிடோனியப் படை முழுவதும் ஒருமுறை சோபாவுக்கு அடியில் போய்விட்டது, கரண்ட் வந்தபோது.

மூன்று ஆட்டத்துக்குப் பிறகு விதிப்புத்தகத்தைத் திறக்காமலே பாதிச் சுற்றுகள் ஓடினால் அதை வாங்குங்கள். ஒவ்வொரு மோதலுக்கும் பக்கம் புரட்டிக்கொண்டே இருந்தால் விட்டுவிடலாம்.

பொம்மை எந்த அளவில் வாங்குவது?

28 மி.மீ. கண்ணுக்கு விருந்து, பைக்கு வலி. 15 மி.மீ. நடுவாந்தரம், பழங்காலப் போட்டிகளில் இதுதான் பரவலாக ஓடுவது. 6 மி.மீ.யில் ஒரு பேஸில் நாற்பது பேரை நிறுத்தலாம், தூரத்திலிருந்து பார்த்தால் நிஜப் படை மாதிரியே தெரியும், பெயின்ட் அடிப்பதும் எளிது. 1/72 பிளாஸ்டிக் பொம்மைகள்தான் செலவில் குறைச்சல். ஆனால் வளையும் ஈட்டியில் பெயின்ட் உரியும், நல்ல ப்ரைமர் (அடிப்பூச்சு) கட்டாயம்.

அளவைவிட முக்கியம் பேஸ். ஒட்டுவதற்கு முன் விதியை முடிவு செய்துவிடுங்கள். நான் 32 ஈட்டிவீரர்களைத் தனித்தனி வட்ட பேஸில் ஒட்டி, பிறகு விதி மாறியதும் கத்தியால் பெயர்த்தெடுத்தேன். பாதி ஈட்டி முறிந்தது. 40 மி.மீ. அகலம் என்ற பழைய வழக்கத்தை டி.பி.ஏ., ஆர்ட் டி லா கேர், ஃபீல்ட் ஆஃப் குளோரி மூன்றும் ஏற்கும். ஹெயில் சீசருக்கும் டூ த ஸ்ட்ராங்கஸ்டுக்கும் இரு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் போதும். எதிலும் சேராத அளவில் ஒட்டுவதுதான் வம்பு.

படைப்பட்டியல் என்கிறார்களே, அதற்குத் தனிக் காசா?

எந்த நாட்டுப் படையில் எதை எத்தனை வைக்கலாம் என்ற பட்டியல் அது. டி.பி.ஏ.வில் கி.மு. 3000 முதல் கி.பி. 1500 வரையிலான படைகள் அத்தனையும் ஒரே புத்தகத்தில். ஆர்ட் டி லா கேரிலும் ஒரே புத்தகம்தான். ஃபீல்ட் ஆஃப் குளோரி வந்தபோது காலகட்டத்துக்கு ஒன்றாகத் தனித்தனிப் பட்டியல் புத்தகங்கள் போட்டார்கள், கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும். விலையைப் பார்க்கும்போது விதிப்புத்தகத்தின் விலையோடு நிறுத்தாமல், உங்கள் படை அதற்குள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள். ட்ரயம்ப் என்ற விதிக்கான பட்டியல்கள் மெஷ்வெஷ் என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வேறு விதியை ஆடுபவர்களுக்கும் அது நல்ல கையேடு.

தனியாக ஆட முடியுமா?

முடியும். கட்டளைக்குப் பகடையோ சீட்டோ வைக்கும் விதிகள் தனி ஆட்டத்துக்குத் தோதானவை, என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியாது. கையில் மறைத்து வைத்த சீட்டுகளை நம்பியிருக்கும் கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: ஏன்ஷியன்ட்ஸ் போன்றவற்றில் மட்டும் இரண்டு கையையும் நீங்களே பார்க்க நேரும், சுவாரஸ்யம் போய்விடும்.

போட்டிகளில் கலந்துகொள்ள ஆசை.

ஆர்ட் டி லா கேர். ஐரோப்பிய வட்டாரத்தில் இதற்குத்தான் இப்போது நல்ல கூட்டம். 200 புள்ளிப் படை, இரண்டு இரண்டரை மணி நேரம். விதி இறுக்கமாக எழுதப்பட்டிருப்பதால் வாக்குவாதம் குறைவு, நாடகமும் குறைவு.

விதி அச்சில் இல்லாமல் போய்விட்டால்?

போகட்டுமே. வார்ஹாமர் ஏன்ஷியன்ட் பேட்டில்ஸை வெளியிட்ட பிரிவு மூடிப் பல வருடம் ஆகிறது, இன்றும் அதை ஆடுபவர்கள் இருக்கிறார்கள். புதிய பதிப்பு வந்தால் பழைய புத்தகம் ஒன்றும் ஆவியாகிவிடாது. உங்கள் எதிராளியிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோழர் படையை இறக்கலாமா?

டி.பி.ஏ. குடும்பத்தில் தமிழர் படைக்கும் சிங்களர் படைக்கும் பட்டியல் உண்டு. பல நூற்றாண்டுகளை ஒரே கூடையில் போட்டிருப்பார்கள், புறநானூற்றுப் படையும் ராஜேந்திரன் படையும் ஏறக்குறைய ஒரே பேஸ் கணக்கில் வரும். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் சொந்தமாகப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். குதிரைவீரருக்கு என்ன கவசம், வில்லாளிகள் எத்தனை பங்கு என்று ஒவ்வொரு வரியிலும் இடித்தது, கோபம் தணிந்துவிட்டது. பொம்மைகளுக்கு, போரஸ் காலத்து இந்தியர் என்று விற்பவற்றை வாங்கிக் கொண்டை, வேட்டி, கேடயம் ஆகியவற்றில் கை வைப்பதுதான் நடைமுறை. யானை எல்லாக் காலத்துக்கும் செல்லும்.

ஆட்டத்தின் நடுவில் விதியில் தகராறு வந்தால்?

இரண்டு நிமிடம் புத்தகத்தில் தேடுங்கள். கிடைக்கவில்லையா, ஒரு பகடை. 1, 2, 3 என்றால் அவர் சொன்னது, 4, 5, 6 என்றால் நீங்கள் சொன்னது. ஆட்டம் முடிந்த பிறகு சரியான பக்கத்தைத் தேடிப் பிடித்து, அடுத்த வாரத்துக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகி வையுங்கள். என் புத்தகத்தில் இப்போது பதினேழு சீட்டு இருக்கிறது. அதில் பதினொன்று யானையைப் பற்றியது.